கலிபோர்னியாவில் தொழிலாளர் இழப்பீட்டுக்குச் சுயகாப்பீடு: பாலிசியை விடும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கிடங்குக்கணக்கு கேட்கிறார்:

கலிபோர்னியாவுக்குள் மட்டும் இயங்கும் தனியார் நிறுவனம். கிடங்கும் பொட்டலமிடலும்தான் தொழில். தாய் நிறுவனத்தில் ஏறத்தாழ 650 பேர், துணை நிறுவனத்தில் 40 பேர். வேலையில் காயமடையும் ஊழியர்களுக்கான தொழிலாளர் இழப்பீட்டுக்கு இப்போது சாதாரண பாலிசி இருக்கிறது. பிரீமியம் கட்டுகிறோம், கிளெய்ம் வந்தால் காப்பீட்டு நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. புதுப்பிக்கும் நாள் நெருங்குகிறது. ‘கட்டுகிற பிரீமியத்தில் பாதிகூட கிளெய்மாகப் போகவில்லை, சுயகாப்பீட்டுக்கு மாறுங்கள்’ என்கிறார் புரோக்கர். அதாவது பாலிசி இல்லாமல் கிளெய்ம்களை எங்கள் பணத்திலிருந்தே கொடுப்பது. நிதிப் பிரிவுக்கு இந்தக் கணக்கு பிடித்துவிட்டது.

நான்கு கேள்விகள். அனுமதிக்கு என்ன வேண்டும்? மாநிலத்திடம் எவ்வளவு பிணை வைக்க வேண்டும்? கிளெய்ம்களை வெளி நிர்வாகியிடம், அதாவது டிபிஏ-விடம், ஒப்படைத்துவிட்டால் எங்கள் பொறுப்பு முடிந்துவிடுமா? ஒத்துவரவில்லை என்றால் இரண்டு வருடத்தில் பாலிசிக்குத் திரும்ப முடியுமா?

பிணைப்பத்திரம்:

முதல் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் சொல்கிறேன்.

லேபர் கோடு பிரிவு 3700-இன்படி முதலாளிக்கு இரண்டே வழி. ஒன்று பாலிசி. இன்னொன்று, தொழில் உறவுத் துறை இயக்குநர் தரும் சுயகாப்பீட்டு ஒப்புதல் சான்றிதழ். அந்தத் துறைக்குள் இருக்கும் சுயகாப்பீட்டுத் திட்ட அலுவலகம்தான் விண்ணப்பத்தை ஆராய்கிறது. எல்லாரும் ஓசிப் என்றே சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

அவர்கள் முதலில் பார்ப்பது உங்கள் விபத்துக் கணக்கை அல்ல, நிதிநிலையை. குறைந்தது மூன்று ஆண்டு தொழிலில் இருந்திருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டுக்கும் சுதந்திரத் தணிக்கையாளர் தணிக்கை செய்த அறிக்கைகள் வேண்டும், ஏற்கத்தக்க கடன் மதிப்பீடு வேண்டும். ‘பரிசீலனை அறிக்கை மட்டும் இருக்கிறது, முழுத் தணிக்கை செய்ததில்லை’ என்ற நிலையிலிருக்கும் குடும்ப நிறுவனங்கள் இங்கேயே நின்றுவிடும். கூடவே இயக்குநர் குழுத் தீர்மானமும், நடைமுறையில் இருக்கும் காயத்தடுப்புத் திட்டமும் வேண்டும். தற்காலிக ஆட்களை அனுப்பும் நிறுவனங்களும் ஊழியர்களை வாடகைக்கு விடும் நிறுவனங்களும் 2013-க்குப் பிறகு புதிதாகச் சான்றிதழ் பெற முடியாது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களும் 2015 தொடக்கத்தோடு வெளியேற வேண்டியதாயிற்று.

பிணை விஷயத்துக்கு வருவோம். இணையத்தில் 135 சதவீதம் என்று ஓர் எண் சுற்றிக்கொண்டிருக்கும். அது 2012-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முந்திய கணக்கு. இப்போது தனியார் நிறுவனம் ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 31 நிலவரப்படி ஆக்சுவரியிடம் (எதிர்காலக் கிளெய்ம் கடன்களை மதிப்பிடும் கணக்கு வல்லுநர்) எழுத்துமூல அறிக்கை வாங்க வேண்டும். தெரிந்த கிளெய்ம்களில் இனிக் கொடுக்க வேண்டியது, நடந்துவிட்டும் இன்னும் தெரியவராத காயங்கள், கிளெய்ம்களை நடத்தும் செலவு, இவை எல்லாம் அதில் சேரும். ஒரு வரம்புக்கு மேற்பட்ட இழப்பை ஏற்கும் எக்ஸஸ் காப்பீடு இருந்தால், அது தாங்கும் பங்கு கழியும். மிஞ்சும் தொகைதான் பிணை. ரொக்கம், கடன்பத்திரம், ஜாமீன் பாண்டு, வங்கியின் திரும்பப்பெற முடியாத கடன் உறுதிக்கடிதம் என எந்த வடிவிலும் வைக்கலாம்.

2003 முதல் இதற்கு மாற்று ஏற்பாடு ஒன்றும் உண்டு. தகுதியுள்ள நிறுவனங்கள் தனித்தனியாகப் பிணை வைக்காமல், சுயகாப்பீட்டாளர் பாதுகாப்பு நிதியத்துக்கு ஆண்டுக் கட்டணம் கட்டினால் போதும், மொத்தப் பிணையை நிதியமே ஏற்பாடு செய்யும். ஒரு நிறுவனம் திவாலானால் அதன் கிளெய்ம்களை எடுத்துக் கொடுப்பதும் இந்த நிதியம்தான். ஆனால் தகுதி கடன் மதிப்பீட்டைப் பொறுத்தது. ஓர் ஆண்டு மதிப்பீடு சரிந்தால் மறு ஆண்டே முழுத் தொகையையும் நீங்களே வைக்கச் சொல்வார்கள். வியாபாரம் நொடிக்கும் ஆண்டில்தான் வங்கியும் கடன் வரம்பைச் சுருக்கும். நிதிப் பிரிவு போட்ட கணக்கில் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

தேதிகள்: ஆண்டறிக்கைக்கு மார்ச் 1. புதிய பிணை வைக்க வேண்டி வந்தால் அறிக்கை கொடுத்த 60 நாளுக்குள், எப்படிப் பார்த்தாலும் மே 1-க்குள். சுயகாப்பீடு செய்யும் அரசு அமைப்புகளுக்கு அக்டோபர் 1 என்று வேறு தேதி உண்டு, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கோப்புக்காரர்:

மூன்றாவது கேள்விக்குப் பதில் ‘முடியாது’. டிபிஏ உங்கள் முகவர் மட்டுமே. அவர் தவறினால் சட்டத்தின் கண்ணில் தவறியது நீங்கள். காப்பீட்டு நிறுவனம் இருந்தவரை உங்கள் கண்ணில் படாத கடிகாரங்கள் எத்தனை ஓடிக்கொண்டிருந்தன என்பதை ஒரு கற்பனைக் கோப்பில் காட்டுகிறேன்.

மார்ச் 3, திங்கட்கிழமை. பெட்டி தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டதாக ஊழியர் ஷிஃப்ட் மேற்பார்வையாளரிடம் சொல்கிறார். மறுநாள் முதல் வேலைக்கு வர முடியவில்லை. கடிகாரம் அந்த நிமிடமே ஓடத் தொடங்கிவிட்டது. மேற்பார்வையாளருக்குத் தெரிந்தால் நிறுவனத்துக்குத் தெரிந்ததாகவே பொருள். மனிதவளப் பிரிவுக்கு வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் வந்தது என்ற கதை எடுபடாது.

மார்ச் 4-க்குள் அவர் கையில் டிடபிள்யூசி-1 கிளெய்ம் படிவம் போய்ச் சேர வேண்டும். ஒரே ஒரு வேலைநாள்தான் அவகாசம். முதலாளியின் காய அறிக்கையான படிவம் 5020-க்கு ஐந்து நாள். ஊழியர் படிவத்தை நிரப்பி மார்ச் 6-இல் திருப்பித் தருகிறார் என்று வையுங்கள். அடுத்த வேலைநாளான 7-க்குள் சிகிச்சைக்கு அனுமதி தர வேண்டும். கிளெய்மை ஏற்பதா மறுப்பதா என்று முடிவாகும்வரை 10,000 டாலர் வரை இந்தச் செலவு உங்களுடையது. ‘இது வேலையில் நடந்ததா என்றே சந்தேகமாக இருக்கிறது’ என்றாலும் அந்தச் சிகிச்சையை நிறுத்திவைக்க முடியாது.

படிவம் வந்த நாளிலிருந்து 90 நாள், அதாவது ஜூன் 4-க்குள், மறுக்காவிட்டால் காயம் வேலையால் வந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதன்பிறகு, அந்த 90 நாளுக்குள் முயன்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஆதாரத்தைக் கொண்டுபோய் மறுக்க முடியாது. வாக்குமூலமும் பழைய மருத்துவக் கோப்புகளும் முதல் மாதத்திலேயே கேட்கப்பட வேண்டியது இதனால்தான். 80-ஆம் நாள் கோப்பைத் திறந்து பார்க்கும் அட்ஜஸ்டர் (கிளெய்ம் கோப்பைக் கையாள்பவர்) எல்லா டிபிஏ-விலும் ஒருவராவது இருப்பார்.

ஊதிய இழப்பீடு: சராசரி வார ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கு. வாரம் 1,200 டாலர் வாங்கியவருக்கு 800. முதல் மூன்று நாளுக்குக் கிடையாது. வேலையிழப்பு 14 நாளைத் தாண்டினாலோ ஆஸ்பத்திரியில் சேர்த்தாலோ அந்த மூன்று நாளும் சேரும். முதல் காசோலை, காயமும் வேலையிழப்பும் தெரிந்த 14 நாளுக்குள் போக வேண்டும். பிறகு இரண்டு வாரத்துக்கொன்று. தாமதமானால் யாரும் கேட்காமலேயே 10 சதவீதம் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும், 1,600 டாலருக்கு 160. முடிவெடுக்க நேரம் தேவைப்பட்டால் அதே 14 நாளுக்குள் தாமத அறிவிப்புக் கடிதமாவது போக வேண்டும். காரணமில்லாமல் இழுத்தடித்ததாக நீதிபதி கருதினால் பிரிவு 5814 இருக்கிறது, தாமதமான தொகையில் 25 சதவீதம் வரை, உச்சம் 10,000 டாலர். தவறை நீங்களே கண்டுபிடித்து, ஊழியர் தரப்பு கேட்பதற்கு முன் 90 நாளுக்குள் 10 சதவீதத்துடன் கட்டிவிட்டால் அந்தப் பெரிய அபராதத்திலிருந்து தப்பலாம். டிபிஏ ஒப்பந்தத்தில் மாதாமாதம் உள்தணிக்கை கேளுங்கள் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

மருத்துவர் அனுப்பும் சிகிச்சைக் கோரிக்கைக்கு ஐந்து வேலைநாளில் முடிவு வேண்டும். கூடுதல் தகவல் கேட்டால் கோரிக்கை வந்த நாளிலிருந்து அதிகபட்சம் 14 நாள், அவசரமானால் 72 மணி நேரம். நேரம் கடந்து வந்த மறுப்பு செல்லாது. சிகிச்சை தேவையா என்ற கேள்வியே மருத்துவ ஆய்வாளர் கையைவிட்டு நீதிபதி கைக்குப் போய்விடும். கோரிக்கை தவறான ஃபேக்ஸ் எண்ணுக்குப் போய் நான்கு நாள் கிடப்பதுதான் நடைமுறையில் பெரும்பாலும் நடப்பது. டிபிஏ மாறும் மாதத்தில் இது இன்னும் மோசம்.

மருத்துவ பில்லுக்கு 45 நாள். தவறினால் 15 சதவீதமும், அதன்மேல் ஆண்டுக்கு 10 சதவீத வட்டியும்.

இதற்கெல்லாம் மேல், பலத்த காயமோ மரணமோ என்றால் மாநிலத்தின் பணியிடப் பாதுகாப்புத் துறையான கால்-ஓஷாவுக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும், தெரிந்த எட்டு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. இது டிபிஏ வேலை என்று நிறுவனமும், நிறுவனத்தின் வேலை என்று டிபிஏ-வும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இது நிறுவனத்தின் வேலை.

கிடங்குக்கணக்கு:

மிக்க நன்றி. இரண்டு துணைக்கேள்விகள். துணை நிறுவனத்தின் 40 பேரும் தாய் நிறுவனத்தின் சான்றிதழுக்குள் தானாக வந்துவிடுவார்களா? ஆண்டுக்கணக்கில் ஒரே வேலை செய்து மெல்ல மெல்லத் தோள் தேய்ந்தவர், நாங்கள் மாறிய நான்காவது மாதம் கிளெய்ம் போட்டால் அது யார் கணக்கு?

பிணைப்பத்திரம்:

துணை நிறுவனம் தானாக வராது. தனிச் சட்ட நிறுவனம் என்றால் அதன் பெயரில் தனிச் சான்றிதழும், தாய் நிறுவனத்தின் பொறுப்பேற்பு உத்தரவாதமும் வேண்டும். இதை விட்டுவிட்டுப் பாலிசியை ரத்து செய்தால் அந்த 40 பேரும் காப்பீடு இல்லாதவர்கள். வேலை நிறுத்த உத்தரவு வரும். பிரிவு 3722-இன்படி அபராதம் ஓர் ஊழியருக்கு 1,500 டாலர், ஆக 60,000. கட்டியிருக்க வேண்டிய பிரீமியத்தின் இரு மடங்கு அதைவிட அதிகமானால் அந்தப் பெரிய தொகையைப் போடவும் வழி உண்டு. புதிதாக ஒரு நிறுவனத்தை வாங்கும்போதும் இதே ஆபத்துதான். சான்றிதழ் அமலாகும் நாளும் பாலிசி முடியும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘சான்றிதழ் எப்படியும் வந்துவிடும்’ என்று புரோக்கர் சொன்னால் ரத்துக் கடிதத்தை மேசை டிராயரிலேயே வையுங்கள்.

தோள் தேய்மானம்: தொடர் உழைப்பால் வரும் காயத்துக்கு, பிரிவு 5500.5-இன்படி, அந்த உழைப்பின் கடைசி ஓராண்டுக்குப் பொறுப்பாக இருந்தவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். நான்கு மாதம் நீங்கள், எட்டு மாதம் பழைய காப்பீட்டு நிறுவனம். ஆனால் ஊழியர் தரப்பு உங்களை மட்டும் தேர்ந்து நடத்தலாம். நீங்கள் முழுவதையும் கொடுத்துவிட்டு, மற்றவரின் பங்கைப் பிறகு தனி வழக்கில் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். முதல் ஆண்டுப் பணப்புழக்கத்தில் இதற்கு இடம் விடுங்கள்.

ரிசர்வ்மேசை:

ஆக்சுவரி அறிக்கை, பிணை என்று மேலே வந்ததெல்லாம் ஒரே ஓர் எண்ணின்மேல் நிற்கிறது, ஒவ்வொரு கோப்பிலும் அட்ஜஸ்டர் போடும் ரிசர்வ், அதாவது அந்தக் கிளெய்முக்கு இன்னும் கொடுக்க வேண்டியிருக்கும் என்று போடும் மதிப்பீடு. ஓசிப் தணிக்கையில் மூன்று ஆண்டுக்கொரு முறை கோப்புகளைத் திறக்கும்போது முதலில் தோண்டுவதும் இதைத்தான்.

அதிகம் சறுக்குவது வாழ்நாள் சிகிச்சை உள்ள கோப்புகளில். விதிப்படி, கடந்த மூன்று ஆண்டு மருத்துவச் செலவின் சராசரியை, அவருக்கு எஞ்சிய ஆயுட்கால எதிர்பார்ப்பால் பெருக்க வேண்டும். ஆண்டுக்கு 4,200 டாலர், எஞ்சிய ஆயுள் 28 ஆண்டு என்றால் 1,17,600. ‘இப்போதெல்லாம் மாத்திரை மட்டும்தான் எடுக்கிறார், 30,000 போதும்’ என்று அட்ஜஸ்டர் எழுதியிருப்பார். தணிக்கையாளர் திருத்துவார், பிணை ஏறும். இப்படிப் பத்து கோப்பு சேர்ந்தால் புரோக்கர் காட்டிய மிச்சம் காணாமல் போகும். புதிதாக அறுவைச் சிகிச்சை வரப்போகிறது என்று மருத்துவர் எழுதியிருந்தால் அதைச் சராசரிக்கு மேல் தனியாகச் சேர்க்க வேண்டும்.

பிரீமியத்தில் பாதிகூட கிளெய்மாகப் போகவில்லை என்ற வாதத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். புரோக்கர் காட்டியது இதுவரை கொடுத்த தொகையா, மொத்தமாகக் கொடுக்கப்போகும் தொகையா? கடந்த இரண்டு மூன்று ஆண்டுக் காயங்களில் கொடுத்ததைவிடக் கொடுக்க வேண்டியதே அதிகம் இருக்கும். கலிபோர்னியா கிளெய்ம்கள் சட்டென்று மூடுபவை அல்ல. ஐந்தாறு ஆண்டு முதிர்ந்த பழைய ஆண்டுகளை எடுத்து, அவற்றின் மொத்தத் தொகையோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

எக்ஸஸ் ஒப்பந்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு விபத்துக்கு 5 லட்சம் டாலர் வரை நீங்கள், அதற்கு மேல் அவர்கள் என்று வையுங்கள். வக்கீல் செலவும் விசாரணைச் செலவும் அந்த 5 லட்சத்துக்குள் எண்ணப்படுமா, வெளியேயா? இந்த ஒரு வாக்கியம் பெரிய கோப்பில் தொகையைத் தலைகீழாக்கும். எக்ஸஸ் நிறுவனம் பெரும்பாலும் நேரடியாகக் கொடுப்பதில்லை, நீங்கள் கொடுத்த பிறகு திருப்பித் தருகிறது. மரணம், உறுப்புத் துண்டிப்பு, தண்டுவட, மூளைக் காயம், கடும் தீக்காயம் போன்றவற்றை ரிசர்வ் எவ்வளவு குறைவாக இருந்தாலும் உடனே அறிவிக்க வேண்டும். மற்றவற்றில் ரிசர்வ் உங்கள் வரம்பில் பாதியைத் தொட்டதும் அறிவிக்கச் சொல்லும் ஒப்பந்தங்களே அதிகம். தாமத அறிவிப்பைக் காட்டி எக்ஸஸ் கை கழுவினால் மாநிலத்துக்கு அதனால் ஒன்றுமில்லை, முழுக் கடனும் உங்களுடையது.

வரிவரிசை:

நிதிப் பிரிவுக்குக் காட்ட மூன்று விஷயம்.

வரி. பிரீமியம் கட்டினால் செலவாகக் கழிக்கலாம். சுயகாப்பீட்டில் ரிசர்வ் போட்டால் கழிக்க முடியாது. தொழிலாளர் இழப்பீடு, கூட்டாட்சி வருமான வரியில், பணம் கைமாறும்போதுதான் செலவாகும். கணக்குப் புத்தகத்தில் இந்த ஆண்டே கடன், வரிப் படிவத்தில் பத்து ஆண்டுக்குப் பரவிய கழிவு.

மாநிலக் கட்டணங்கள். இழப்பீட்டு நிர்வாகம், காப்பீடில்லாத முதலாளிகளின் ஊழியர்களுக்கான நிதி, முன்காயம் உள்ளவர்களுக்கான நிதி, மோசடித் தடுப்பு எனப் பல நிதிகளுக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டும். பாலிசியில் இது பில்லோடு ஒட்டிக்கொண்டு வந்துபோகும். சுயகாப்பீட்டாளருக்கு, கொடுத்த ஊதிய இழப்பீட்டை வைத்துக் கணக்கிட்டு நேரடி பில் வரும்.

மெடிகேர், அதாவது முதியோருக்கும் ஊனமுற்றோருக்குமான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு. சுயகாப்பீட்டாளர் என்றால், மெடிகேர் பயனாளியின் கிளெய்மை மத்தியச் சட்டத்தின் பிரிவு 111-இன்கீழ் மத்திய அரசுக்கு அறிவிக்கும் கடமை நிறுவனத்தின் பெயரில்தான் பதிவாகும். டிபிஏ அனுப்பினாலும் பொறுப்பு மாறாது. நாளொன்றுக்கு அபராதம் போட வழி உண்டு. எதிர்கால மருத்துவத்தையும் சேர்த்து மொத்தமாகத் தீர்த்துக்கொள்ளும்போது மெடிகேருக்கு ஒதுக்கீடு (அந்தக் காயத்தின் எதிர்காலச் சிகிச்சைச் செலவு மெடிகேர்மேல் விழாதபடி தனியே எடுத்துவைக்கும் பணம்) வேண்டுமா என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே பயனாளியாக இருப்பவருக்கு மொத்தத் தொகை 25,000 டாலரைத் தாண்டினால் அந்த ஒதுக்கீட்டை மத்திய நிறுவனம் பரிசீலிக்கும். 30 மாதத்துக்குள் பயனாளியாக வாய்ப்புள்ளவருக்கு வரம்பு 2,50,000.

என் கருத்து: 690 பேர் உள்ள நிறுவனத்துக்கு முதல் படி சுயகாப்பீடு அல்ல, பெரிய கழிவுத்தொகைப் பாலிசி. ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 1 அல்லது 2.5 லட்சம் உங்களுடையது, ஆனால் ஊழியருக்குக் கொடுக்கும் சட்டப் பொறுப்பும் அறிக்கைகளும் காப்பீட்டு நிறுவனத்துடையவை. அவர்களும் பிணை கேட்பார்கள், அது நிஜம். ஆனாலும் உங்கள் கிளெய்ம்களை உங்கள் பணத்தில் நடத்தினால் எப்படி இருக்கும் என்பது மூன்று ஆண்டில் தெரிந்துவிடும். குழுவாகச் சேர்ந்து சுயகாப்பீடு செய்யலாம் என்று யாராவது வந்தால் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு’ என்ற வரியை நிறுத்தி வாசியுங்கள். நியூயார்க்கில் இத்தகைய குழு அறக்கட்டளைகள் பற்றாக்குறையில் விழுந்தபோது, தங்கள் கிளெய்மெல்லாம் தீர்ந்துபோன உறுப்பினர்களுக்கும் பில் வந்தது.

கோப்புக்காரர்:

வரிவரிசை சொல்வதை ஏறக்குறைய ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. பெரிய கழிவுத்தொகையில் டிபிஏ-வைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்திடமே இருக்கும். கிளெய்ம் நடத்தும் விதத்தை மாற்றுவதுதான் நோக்கம் என்றால் அந்தப் பயிற்சி அரைகுறையாகவே அமையும். டிபிஏ தேர்வை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

டிபிஏ-வைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை: ஓசிப் நடத்தும் சுயகாப்பீட்டு நிர்வாகித் தேர்வில் தேறியவர் அந்தக் கிளையில் யார்? ஓர் அட்ஜஸ்டரிடம் ஊதிய இழப்பீட்டுக் கோப்புகள் எத்தனை? அவர்கள் தவறால் விழும் அபராதத்தை அவர்களே கட்டுவார்கள் என்ற விதி ஒப்பந்தத்தில் உண்டா? தொழிலாளர் இழப்பீட்டுப் பிரிவின் தணிக்கை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது வரும், கடைசி முறை வந்த முடிவைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

பிணைப்பத்திரம்:

நான்காவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பாலிசிக்குத் திரும்பலாம், தடையில்லை. ஆனால் புதிய பாலிசி, அது தொடங்கிய நாளுக்குப் பிறகான காயங்களை மட்டும்தான் ஏற்கும். சுயகாப்பீட்டில் இருந்த இரண்டு ஆண்டின் காயங்கள், கடைசிக் கோப்பு மூடும்வரை, உங்களுடையவை. சான்றிதழ் போனாலும் ஆண்டறிக்கை, பிணை, டிபிஏ கட்டணம் மூன்றும் தொடரும். இரண்டாம் ஆண்டில் 35 வயதில் தண்டுவடக் காயம் பட்டவருக்கு வாழ்நாள் சிகிச்சை என்றால் எத்தனை ஆண்டு என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

விரைவாக வெளியேற ஒரு கதவு பிரிவு 3702.8-இல் இருக்கிறது. பழைய கிளெய்ம்கள் முழுவதையும் ஏற்கும் சிறப்பு எக்ஸஸ் பாலிசியை ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கினால், கடமை அவர்களிடம் மாறும். விலை பேசும்போது அவர்கள் முதலில் கேட்பது அந்த ரிசர்வ் பட்டியலைத்தான். கோப்புகள் சில மாதமாவது ஒழுங்காக நடத்தப்பட்ட பிறகு கேளுங்கள். டிபிஏ மாறிய கையோடு கேட்டால் தெரியாததற்கெல்லாம் சேர்த்து விலை போடுவார்கள்.

வேறு மாநிலத்தில் கிளை திறக்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சொல்லுங்கள். கலிபோர்னியா சான்றிதழ் எல்லை தாண்டாது. ஒஹையோவிலும் வாஷிங்டனிலும் மாநில நிதியில் சேர வேண்டும் அல்லது அங்கே தனியாகச் சுயகாப்பீட்டு அனுமதி வாங்க வேண்டும். வடக்கு டகோட்டாவிலும் வயோமிங்கிலும் சுயகாப்பீடே கிடையாது.